பழைய பீர் கெக்கில் கொம்புச்சா நிரப்பலாமா? உள்ளே எப்படிக் கழுவுவது?

கோத்தகிரி_டீ எழுதியது:

வணக்கம். கோத்தகிரி பக்கம் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். பக்கத்துத் தொழிற்சாலையில் வாங்கும் ஆர்த்தடாக்ஸ் டீயில் கொம்புச்சா (சர்க்கரை போட்ட டீயை நொதிக்கவைத்துச் செய்யும் புளிப்புப் பானம்) போடுகிறேன், கூடலூர் இஞ்சியில் இஞ்சிச் சோடாவும் செய்வதுண்டு. தங்க வந்தவர்கள் குடித்துவிட்டு வெளியே சொல்லப்போய், இப்போது ஊருக்குள் இரண்டு காபிக் கடைகள் வாராவாரம் கேட்கிறார்கள். கொடுக்க ஆசைதான், ஆனால் எதில் கொடுப்பது? நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, அது இருக்கவும் வேண்டும், ஓடைக்கு ஓடை பாட்டில் மிதந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணாடி பாட்டில் என்றால் கழுவி, நிரப்பி, மூடி போட்டு, கடைக்கு அனுப்பி, காலி பாட்டிலைத் திரும்ப வாங்கி, மறுபடி கழுவி என்று ஒரு ஆளின் வேலை முழுதாக அதிலேயே போய்விடுகிறது.

அதனால்தான் பீர் ஆலைகளில் வைத்திருக்கும் எவர்சில்வர் கெக் (பானத்தை கேஸ் அழுத்தத்தோடு அடைத்து வைக்கும் உருளை) பக்கம் வந்தோம். பெங்களூரில் மூடிவிட்ட ஒரு மைக்ரோபுரூவரியின் (சின்ன பீர் ஆலை) சாமான்கள் விலைக்கு வந்தபோது தெரிந்தவர் மூலம் பில்லோடு நான்கு வாங்கியாயிற்று. இரண்டு 30 லிட்டர், குண்டாக, மேலே நடுவில் ஒரே ஒரு வால்வு. மற்ற இரண்டும் 19 லிட்டர், ஒல்லியாக உயரமாக, முட்டை வடிவ மூடியும் அதன் இருபக்கமும் ஒவ்வொரு முனையும் இருக்கிறது. எல்லாவற்றிலும் பழைய பீர் வாடை. 30 லிட்டர் கெக்கை ஆட்டினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் மாதிரி சத்தம் கேட்கிறது.

இவற்றை எப்படித் திறப்பது, எதைப் போட்டுக் கழுவுவது, கழுவியது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருக்கிறது, அதையே போடலாமா? கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு அழுத்தத்தில் விட வேண்டும் என்பதும் குழப்பமாக இருக்கிறது, ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு கணக்கு. பீர் போடும் எண்ணம் இல்லை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது என்பது தெரியும், அந்த ஆலோசனை வேண்டாம்.

கூடலூர்_மிளகு எழுதியது:

பிளீச்சிங் பவுடரைத் தொடவே தொடாதீர்கள் அக்கா. குளோரின் எவர்சில்வரில் ஊசி குத்தினது மாதிரி புள்ளிப் புள்ளியாக ஓட்டை போடும், வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்திருக்கும். கம்பி நாரும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் சுவரில் பதிந்து அங்கிருந்து துரு கிளம்பும். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

குன்னூர்_செல்லார் எழுதியது:

நான் குன்னூர்க்காரன், பெங்களூரில் ஒரு மைக்ரோபுரூவரியில் செல்லார் வேலை, கெக் கழுவுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

முதலில் அந்த 30 லிட்டர் கெக். நடுவில் இருக்கும் வால்வோடு சேர்ந்து ஒரு குழாய் கெக்கின் அடிவரை போகிறது, அதற்கு ஸ்பியர் என்று பெயர். உள்ளே அழுத்தம் இருக்கும்போது யாராவது அதைத் தளர்த்தினால் மொத்தக் குழாயும் மேலே பாயும், குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் உயிருக்கே ஆபத்து. காலி கெக் என்று யாரும் நம்பக் கூடாது. பீர் தீர்ந்த கெக்கிலும் கேஸ் அழுத்தம் அப்படியே நிற்கும், மாதக்கணக்கில் நிற்கும். அதனால் ஸ்குரூடிரைவரோடு உட்கார்வதற்கு முன்னால் அந்த வால்வுக்குப் பொருந்தும் கப்ளர் (வால்வின் மேல் மாட்டி கேஸ் வழியையும் பீர் வழியையும் திறக்கும் இணைப்பு) ஒன்று வாங்குங்கள். ஏ, எஸ், டி, ஜி என்று வகைகள் உண்டு. எஸ் வகையும் டி வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சரிவராது, எனவே வால்வைப் போட்டோ எடுத்துக் காட்டி வாங்குங்கள். கப்ளரின் கேஸ் பக்கத்தில் ஒருவழி ரப்பர் ஒன்று இருக்கும், அதை எடுத்துவிட்டுக் கெக்கை நிமிர்த்தி வைத்து மாட்டிக் கைப்பிடியை இறக்கினால் அழுத்தம் அந்த வழியே சீறி வெளியேறும். சத்தம் முழுதாக நின்ற பிறகும் சிறிது நேரம் அப்படியே விடுங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஸ்பியரைக் கழற்றாமலே கழுவ முடியும், பெரிய ஆலைகளிலும் அப்படித்தான் நடக்கிறது. கெக்கைத் தலைகீழாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே கப்ளரை மாட்டி, பீர் வெளியே வரும் வழியில் பம்ப் வைத்துக் கழுவும் தண்ணீரை உள்ளே அனுப்புங்கள். அது ஸ்பியர் வழியே ஏறி, இப்போது மேலே இருக்கும் அடித்தட்டில் மோதிப் பரவி, சுவர் முழுக்க நனைத்துக்கொண்டு இறங்கி, கேஸ் துவாரம் வழியே வாளிக்கே திரும்பி வரும். வெந்நீர் தாங்கும் சின்ன பம்ப் ஒன்றும் இரண்டு வாளியும் போதும். சுற்றிச் சுற்றி ஓடட்டும்.

கழுவும் வரிசை முக்கியம், அதை மாற்றாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரால் அலசுங்கள், தெளிவாக வரும்வரை. அப்புறம் காரம். நாங்கள் காஸ்டிக் சோடா பயன்படுத்துகிறோம், சுமார் 2 சதவீதம், சூடாக. வீட்டில் அது வேண்டாம் என்பதே என் கருத்து, தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வை போகும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: கெக்குக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும்போது காஸ்டிக்கை விட்டால் இரண்டும் சேர்ந்து காஸ்டிக்கின் வலு போய்விடும், உள்ளே அழுத்தமும் விழுந்துவிடும். மூடிய பெரிய டேங்க்குகள் இப்படி உள்வாங்கி நசுங்குவதுண்டு. உங்களுக்கு சோடியம் பெர்கார்பனேட் போதும், ஆக்சிஜன் பிளீச் என்று விற்பார்கள், வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். லிட்டருக்கு 5 கிராம் அளவில், 50 முதல் 60 டிகிரி தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். பழைய கெக் என்பதால் முதல் தடவை இராத்திரி முழுக்க ஊற வைத்தாலும் தகும். ஆனால் ஊறும்போது கெக்கை மூடி வைக்கவே கூடாது. அது ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், மூடினால் அழுத்தம் ஏறும்.

நன்றாக அலசிய பிறகு அமிலம். பீரில் இருக்கும் ஆக்சலேட்டும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து சுவரில் வெளிறிய பழுப்பாக ஒரு படிவு கட்டும், பீர் ஸ்டோன் என்போம், காரத்துக்கு அது அசையாது. நாங்கள் பாஸ்பாரிக், நைட்ரிக் கலந்த ஆசிட் போட்டு எடுக்கிறோம். லேசான படிவு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 சதவீத சிட்ரிக் ஆசிட்டை முதலில் முயன்று பாருங்கள். கெட்டியாகக் கட்டியிருந்தால் ஏதாவது புரூவரியில் ஒருமுறை கொடுத்துக் கழுவி வாங்குவது நல்லது. படிவை விட்டுவைத்தால் அதன் இடுக்கில் கிருமி தங்கும், மேலே எந்த சானிடைசரை ஊற்றினாலும் அங்கே எட்டாது. காரத்தையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நடுவில் தண்ணீர் அலசல் கட்டாயம்.

கடைசியில்தான் சானிடைசர். பாஸ்பாரிக் ஆசிட் வகை சானிடைசரோ பெராசெட்டிக் ஆசிட்டோ, டப்பாவில் சொன்ன அளவில். அழுக்கு இருக்கும் இடத்தில் சானிடைசர் வேலை செய்யாது, எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். பலரும் கழுவும் நேரத்தைக் குறைத்துவிட்டு சானிடைசரை இரட்டிப்பாக ஊற்றுகிறார்கள், வாரம் திரும்புவதற்குள் கெக் புளித்துவிடுகிறது.

கம்ப்ரஸர் காற்றை நேராகக் கெக்குக்குள் விட்டுத் தண்ணீரைத் தள்ளும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ரெகுலேட்டர் இல்லாமல் அதைச் செய்யவே வேண்டாம். 2012-ல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பீர் ஆலையில் பிளாஸ்டிக் கெக் ஒன்றைக் கழுவும்போது அழுத்தம் மீறி வெடித்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். உங்களுடையது எவர்சில்வர், பலம் அதிகம், ஆனாலும் கெக்கின் மேல் பொறித்திருக்கும் அழுத்த அளவைப் படித்துவிட்டே எதையும் செய்யுங்கள்.

வில்பட்டி_பிளம்ஸ் எழுதியது:

கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். பிளம்ஸ் சீசனில் பிளம்ஸ், மற்ற மாதங்களில் பேஷன் ஃப்ரூட் என்று சோடா செய்து உங்களிடம் இருக்கும் அந்த 19 லிட்டர் கெக்கில்தான் கடைகளுக்குக் கொடுக்கிறோம். சகோதரி, என் பேச்சைக் கேட்டால் 19 லிட்டரில் ஆரம்பியுங்கள். 30 லிட்டர் கெக் நிரம்பினால் ஒரு ஆளால் தூக்க முடியாது, ஸ்பியர் ஆபத்து வேறு. இந்த ஒல்லிக் கெக் முதலில் பெப்சி, கோக் சிரப்புக்காக வந்தது, மூடியைக் கழற்றினால் கையே உள்ளே போகும், கண்ணால் பார்த்துக் கழுவலாம்.

இதிலும் முதல் வேலை அழுத்தத்தை இறக்குவதுதான். மூடியில் வளையம் இருந்தால் இழுத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் கேஸ் பக்க முனையின் நடுவில் இருக்கும் சின்ன ஊசியை அழுத்துங்கள். சத்தம் நின்ற பிறகு மூடியை உள்பக்கமாக அழுத்தித் திருப்பி எடுங்கள். உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தால் மூடி கீழே இறங்க மறுக்கும், அப்போது பலவந்தம் செய்யாதீர்கள், இன்னும் இறக்குங்கள்.

அடுத்து எல்லோரும் விட்டுவிடும் இடம். இரண்டு முனைகளையும் ஸ்பானரால் கழற்ற வேண்டும். அடியில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன அடைப்பான் இருக்கும், பாப்பெட் என்பார்கள், அதற்கும் கீழே டிப் டியூப் என்ற குழாய். ஒன்று குட்டை, அது கேஸுக்கு. இன்னொன்று கெக்கின் அடிவரை நீளம், அதற்குள் மெல்லிய நீள பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். கொம்புச்சா என்றால் அதற்குள் ஈஸ்ட் நூலும் கொம்புச்சாவின் மேல் படரும் ஆடையின் துணுக்கும் கண்டிப்பாக இருக்கும். இஞ்சி நார் பாப்பெட்டில் சிக்கினால் முனை மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், எனவே கெக்கில் ஊற்றும் முன் இரட்டை மல் துணியில் வடிகட்டுங்கள். கேஸ் முனையும் திரவ முனையும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், இடம் மாற்றி முறுக்கினால் மரை கெடும். கேஸ் முனையின் அடிப்பகுதியில் பெரும்பாலும் சின்ன வெட்டுகள் இருக்கும், அதுதான் அடையாளம். கழற்றியதும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுவிடுங்கள்.

ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். உங்களுக்கு வரும் வாடையில் பாதி அந்த ரப்பரில்தான் இருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகாது. மூடியில் பெரியது ஒன்று, முனைக்கு வெளியே ஒன்று, டிப் டியூப் கழுத்தில் ஒன்று, சிலிக்கான் அல்லது ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் வகை கேளுங்கள். உணவுக்கான சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள், வாஸ்லின் வேண்டாம், அதில் சிலவகை ரப்பர் ஊதிவிடும்.

இன்னொன்று, இது உடம்பு சம்பந்தப்பட்டது. குழாய், முனை, கடைக்காரரின் கவுண்டரில் வைக்கும் டேப் என்று கொம்புச்சா தொடும் எதிலும் பித்தளை இருக்கக் கூடாது. மேலே குரோம் பூசி எவர்சில்வர் மாதிரியே விற்கிறார்கள், பூச்சு தேய்ந்தால் உள்ளே பித்தளை. கொம்புச்சாவின் பி.எச். 3 பக்கம், அந்தப் புளிப்புக்குச் செம்பு கரைந்து குடிக்கிறவர் வயிற்றுக்குப் போகும். டேப்பை உள்பக்கம் சுரண்டிப் பார்த்து 304 எவர்சில்வர் என்று உறுதியானால் வாங்குங்கள்.

இனி அழுத்தக் கணக்கு. வீடியோக்களில் சொல்வது பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு. 4 டிகிரி குளிரில் மிதமான குத்து வேண்டுமென்றால் அங்கே 12 பி.எஸ்.ஐ. (மீட்டரில் காட்டும் அழுத்த அளவு) போதும். மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, மீட்டர் அந்தக் குறைந்த காற்றிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது, எனவே அதே குத்துக்குக் கூட்டி வைக்க வேண்டும். கோத்தகிரி சுமார் 1800 மீட்டர், அங்கே 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். எங்கள் கொடைக்கானல் 2100 மீட்டர், கொஞ்சம் கூடுதலாகவே வைக்கிறோம். ஃபிரிட்ஜில் வைக்காமல் 15 டிகிரி அறையில் கேஸ் ஏற்றினால் 25 வரை போக வேண்டியிருக்கும். குளிர்ந்த பானத்தில் கேஸ் எளிதாகக் கரையும் என்பதால் மார்கழி, தை இராத்திரிகள் நமக்கு உதவிதான், ஆனால் கடைக்காரர் கெக்கை அடுப்புப் பக்கம் வைத்தால் குவளையில் நுரைதான் வரும். மேட்டுப்பாளையம், கோவை என்று கீழே அனுப்புகிறீர்கள் என்றால் 30 டிகிரி வெயிலில் அதே கெக்குக்குள் அழுத்தம் 35 பி.எஸ்.ஐ.க்கு மேலே போகும். கெக் தாங்கும், சூட்டோடு அவசரமாக மூடியைத் திறக்கிறவர் தாங்க மாட்டார். கடைக்காரருக்கு எழுதியே கொடுங்கள்.

எமரால்டு_பால்காரர் எழுதியது:

எல்லோரும் மருந்து மருந்தாகச் சொல்கிறீர்கள். நாங்கள் பால் கேனைக் காலங்காலமாகச் சலவைச் சோடாவும் கொதிக்கும் தண்ணீரும் போட்டுத்தான் கழுவுகிறோம், பால் கெடவில்லை. கெக்குக்கும் அது போதாதா? வீட்டில் விறகடுப்பு இருக்கிறது, வெந்நீருக்குச் செலவும் இல்லை.

குன்னூர்_செல்லார் எழுதியது:

ஐயா, கிருமியைக் கொல்ல வெந்நீர் நல்ல வழி, அதில் சந்தேகமே இல்லை. நம் ஊர் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் சற்றுக் குறைவு. ஆனாலும் 80 டிகிரிக்கு மேல் கால் மணி நேரம் நின்றால் போதும் என்பதால் உயரம் தடையில்லை. ஆனால் பால் கேனுக்கு அகலமான வாய், உள்ளே கையும் பிரஷும் போகும், வெயிலில் கவிழ்த்துக் காயவைக்கலாம். கெக்கில் வெந்நீர் எட்டாத இடம் பாப்பெட்டும் டிப் டியூபும் ரப்பர் வளையத்தின் அடியும்தான். அங்கே அழுக்கை எடுக்காமல் கொதிநீர் ஊற்றினால் அழுக்கு வெந்து ஒட்டிக்கொள்ளும். கழற்றித் தேய்த்துவிட்டு வெந்நீர் ஊற்றுவது என்றால் முழு மனதோடு சரி. ஒரே எச்சரிக்கை, சூடாக இருக்கும்போது கெக்கை இறுக மூடிவிடாதீர்கள். ஆவி குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடி வழியே வெளிக்காற்றை இழுக்கும், கழுவினது வீணாகும்.

கோத்தகிரி_டீ எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வில்பட்டிக்காரர் சொன்னபடி 19 லிட்டரில் ஆரம்பிக்கிறோம், 30 லிட்டர் இரண்டும் கப்ளர் கிடைக்கும்வரை யாரும் தொடாமல் ஓரமாக இருக்கட்டும். இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். சுத்தமாகிவிட்டது என்று கண்ணால் எப்படித் தெரிந்துகொள்வது? கழுவிய தண்ணீரை எங்கே விடுவது, எங்கள் வீட்டுக்குக் கீழேயே ஓடை, அதில் கீழ் ஊர்க்காரர்கள் கேரட்டுக்குப் பாய்ச்சுகிறார்கள். அப்புறம், கெக்குக்குள் கொம்புச்சா மேலும் நொதித்தால் என்ன ஆகும்?

குன்னூர்_செல்லார் எழுதியது:

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், வெல்டிங் கோட்டையும் அடிமூலையையும் முக்கியமாக. பிறகு சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால், சுத்தமான எவர்சில்வரில் தண்ணீர் ஒரே தகடாக வழிந்து இறங்கும். எங்காவது முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். காய்ந்தபின் மோந்து பாருங்கள், எந்த வாடையும் வரக் கூடாது.

நிரப்புவதற்கு முன் ஒரு வேலை. கெக்கை விளிம்புவரை சானிடைசரால் நிரப்பி மூடி, கார்பன் டை ஆக்சைடு விட்டு திரவ முனை வழியே முழுதையும் அடுத்த கெக்குக்குத் தள்ளிவிடுங்கள். குழாயும் பாப்பெட்டும் சேர்ந்தே சுத்தமாகும், உள்ளே காற்றுக்குப் பதில் கேஸ் மட்டும் நிற்கும். அந்தக் கேஸ் உணவுத் தரத்தில் வாங்க வேண்டும், தீயணைப்புக் கருவி நிரப்பும் இடத்தில் கிடைப்பதை வாங்காதீர்கள். சிலிண்டரை நிமிர்த்தி சங்கிலி போட்டுக் கட்டுங்கள், ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் வேண்டாம். ஒழுகினால் அது தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும், மணம் இருக்காது, குளிருக்குக் கதவைச் சாத்தி வைக்கும் நம் வீடுகளில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி. திறந்த ஜாடியில் ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹாலை பாக்டீரியா காற்றின் துணையோடு புளிப்பாக மாற்றிவிடும். கெக்குக்குள் காற்று இல்லை, ஈஸ்ட் மட்டும் வேலை செய்யும், ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கில் வந்துவிடும், கடைக்குக் கொடுக்கிறவர் இதில் கவனமாக இருந்தே ஆக வேண்டும். கெக்கில் சர்க்கரையோ பழச்சாறோ சேர்த்து நொதிக்க விடாதீர்கள், ஜாடியிலேயே முடித்து, நன்றாக வடிகட்டி, குளிரவைத்து நிரப்பி, குளிரிலேயே வைத்து, சீக்கிரம் விற்றுவிடுங்கள். விற்பதற்குமுன் ஒரு பேட்ச்சை லேபில் கொடுத்து ஆல்கஹால் அளவு பார்ப்பது நல்லது.

வில்பட்டி_பிளம்ஸ் எழுதியது:

தண்ணீருக்கு நாங்கள் செய்வது: காரத் தண்ணீரையும் சிட்ரிக் தண்ணீரையும் தனித்தனி டிரம்மில் பிடித்து ஆறவிட்டு, காரத்தில் சிட்ரிக் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி பி.எச். தாளில் 7 பக்கம் வந்ததும் உறிஞ்சு குழிக்கு விடுகிறோம். (கெக்குக்குள் கலக்கக் கூடாது என்று மேலே சொன்னது அப்படியேதான், இது ஆறிய, வெளியே எடுத்த தண்ணீர். காஸ்டிக் போட்டிருந்தால் இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள்.) சானிடைசர், குறிப்பாக பெராசெட்டிக், மீனுக்கு ஆகாது, ஓடையில் ஒரு சொட்டும் விடாதீர்கள். முதல் அலசலில் வரும் ஈஸ்ட் கசடு மட்டும் உரக்குழிக்குப் போகலாம்.

மூடியைப் போட்ட பிறகு ஒழுகுகிறதா என்று பார்க்க, ஒருமுறை 25, 30 பி.எஸ்.ஐ. கொடுத்து வளையத்தை உட்கார வைத்து, சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் மூடியை அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள், பழைய கெக்கில் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். கடையிலிருந்து காலியாகத் திரும்பும் கெக்கை அன்றைக்கே அலசி வையுங்கள், காய விட்டுவிட்டால் வேலை இரட்டிப்பு. ரப்பர் வளைய அளவு தெரியவில்லை என்றால் பழையதைக் கழற்றி ஸ்கேல் பக்கத்தில் வைத்து போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.